செந்தூல் காற்பந்துக் குழுவுக்கு ஆதரவாளர் தேடுகிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல் லெஃப்ட் விங் (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் நாங்கள் 22 பேர் ஒரு காற்பந்துக் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். இதுவரை ஞாயிற்றுக்கிழமை நட்புமுறை ஆட்டம், அவ்வப்போது எழுவர் காற்பந்துப் போட்டி என்று ஓடியது. அடுத்த பருவத்தில் 11 பேர் ஆடும் உள்ளூர் லீக்கில் சேருவது என்று முடிவெடுத்துவிட்டோம். ஆர்வம் இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார். பணம்தான் இல்லை.

14 ஆட்டங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு செட் ஜெர்சி, செட் 40 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 1,760. திடல் வாடகைக்கு ஆட்டத்துக்கு 200 வீதம் 2,800. நடுவர் கட்டணத்தில் எங்கள் பங்கு 150 வீதம் 2,100. லீக் நுழைவுக் கட்டணம் 800. தண்ணீர், ஐஸ், முதலுதவிப் பொருள் எல்லாம் சேர்த்து 560. குழுக் காப்புறுதி ஆளுக்கு 50 வீதம் 1,100. மொத்தம் 9,120 வெள்ளி.

பெரிய நிறுவனத்துக்கு எழுதுவதா, பக்கத்துக் கடைகளில் கேட்பதா? கடிதத்தில் என்ன சொல்ல வேண்டும்? முன்பு செய்தவர்கள் சொல்லுங்கள். பையன்கள் மாலையில் வேறு எங்கும் போகாமல் திடலுக்கு வருகிறார்கள். அது நின்றுவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஜெலுத்தோங் கோலி (பினாங்கு)

கோலாலம்பூரில் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, உங்கள் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர்தான். அவர் சேவை மையத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். விளையாட்டுக்கு ஒதுக்கீடு வைத்திருப்பார்கள். கடை கடையாக ஏறி 100, 200 என்று கேட்பதைவிட அது மேல்.

பிறை மேலாளர் (செபராங் பிறை)

தம்பி, கணக்குப் போட்டு எழுதியதே நல்ல தொடக்கம். பல குழுக்கள் "கொஞ்சம் உதவி தேவை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஆனால் 9,120 வெள்ளியையும் வெளியாரிடம் கேட்காதீர்கள். முதலில் உங்கள் கையிலிருந்து போடுங்கள். 22 பேர் மாதம் 20 வெள்ளி சந்தா கட்டினால், பத்து மாதத்தில் 4,400 வந்துவிடும். மிச்சம் 4,720. அப்போது கடைக்காரரிடம் பேசும் பேச்சே வேறு: "பாதியை நாங்களே போட்டுவிட்டோம், மீதிக்குத்தான் வந்திருக்கிறோம்." இதைச் சொல்ல முடிந்தவனுக்குக் கை நீட்டுகிற கூச்சம் இருக்காது. கல்லூரிப் பையன்களுக்கு 20 கஷ்டம் என்றால் அவர்களுக்கு 10 வையுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் ஏற்றிக்கொள்ளட்டும். ஆனால் ஒருவருக்கும் இலவசம் வேண்டாம். சந்தா கட்டுகிறவன்தான் பயிற்சிக்கு நேரத்தோடு வருகிறான், இது நான் பல பருவங்களாகப் பார்ப்பது.

அடுத்தது விற்பனை. பிறையில் நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை பிரியாணி போடுவோம். முன்கூட்டியே கூப்பன் விற்றுவிடுவோம், பொட்டலம் 12 வெள்ளி. 300 கூப்பன் போனது உறுதியான பிறகுதான் கோழிக்கும் அரிசிக்கும் சொல்வோம். எங்களுக்கு அடக்கம் 7 வெள்ளி வரை வருகிறது. ஆக ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 1,500 வெள்ளி மிஞ்சும். சமைத்து வைத்துவிட்டு ஆள் தேடினால் நஷ்டம்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனும் 15 கூப்பன் பொறுப்பு. அத்தை, மாமா, வேலையிடம், பழைய ஆசிரியர் என்று அவனவன் வட்டத்துக்குள்ளேயே போய்விடும். பொட்டலத்தோடு குழுவின் ஆட்ட அட்டவணையை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். பிரியாணி வாங்கியவர்கள் சிலர் அடுத்த வாரம் திடலுக்கு வந்து நிற்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்கர் (கோலாலம்பூர்)

நான் தணிக்கை வேலையில் இருக்கிறேன், என் தம்பியின் குழுவுக்குக் கணக்கும் பார்க்கிறேன். கூப்பன் பற்றி ஒரு வார்த்தை. உணவுக் கூப்பன் விற்பது வேறு. அதிர்ஷ்டக் குலுக்கு என்று எண் போட்டுச் சீட்டு விற்பது வேறு. இரண்டாவது 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதி இல்லாமல் நடத்தக்கூடாது. "முதல் பரிசு மோட்டார் சைக்கிள்" என்று சீட்டு அடித்து விற்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதேபோல் சமிக்ஞை விளக்குப் பக்கத்திலோ, வீடு வீடாகவோ உண்டியல் ஏந்தி வசூலிப்பதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் குழு பதிவு செய்யப்பட்டதா? 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு மன்றங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இளைஞர் விளையாட்டு அமைச்சின் கீழ் வருவது அது. சங்கப் பதிவகத்தைத் தேடிப் போகாதீர்கள், அது மற்ற சங்கங்களுக்கு. பதிவு இல்லாமல் குழுப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. குழுப் பெயரில் கணக்கு இல்லாவிட்டால் பணம் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் விழும். அங்கேதான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது. அந்த ஆள் ஒரு காசு எடுக்காதவராகவே இருக்கட்டும். அவர் வீட்டு வாடகையும் குழுவின் ஜெர்சிப் பணமும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தால் யாருக்கு என்ன புரியும்?

கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. குழுப் பெயரிலேயே டியூட்நவ் கியூஆர் (கைப்பேசியில் வருடிப் பணம் செலுத்தும் குறியீடு) வாங்கி வையுங்கள், சந்தாவும் கூப்பன் பணமும் அதிலேயே வரட்டும். யார் எப்போது கட்டினார்கள் என்பது தானாகப் பதிவாகிவிடும். ரசீது புத்தகம் ஒன்று, வரிசை எண்ணோடு. மாதக் கடைசியில் வரவு செலவைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுங்கள், ஆட்டக்காரர்களும் ஆதரவாளர்களும் ஒருசேரப் பார்க்கட்டும்.

வரிக் கழிவு பற்றிச் சிலர் தவறாகச் சொல்லிவிடுகிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். வருமான வரிச் சட்டம் 1967இன் 44(11பி) பிரிவில் விளையாட்டுக்குத் தரும் நன்கொடைக்குக் கழிவு உண்டு. அங்கீகாரம் பெற்ற நடவடிக்கைக்கோ, விளையாட்டு ஆணையர் அங்கீகரித்த அமைப்புக்கோ கொடுத்தால்தான் அது பொருந்தும். மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்பும் இருக்கிறது. பதிவு செய்வது ஒன்று, இந்த அங்கீகாரம் இன்னொன்று. பதிவுச் சான்றிதழைக் காட்டி "உங்களுக்கு வரி மிச்சம்" என்று கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். ஜெர்சியில் சின்னம் போடுவதற்குக் கொடுக்கும் தொகையை அவர் விளம்பரச் செலவாகக் காட்டலாமா என்பதை அவருடைய கணக்காளர் பார்த்துக்கொள்வார். உங்கள் கடமை, எதற்காக எவ்வளவு பெற்றீர்கள் என்று தெளிவாக எழுதிய ரசீது கொடுப்பது.

செந்தூல் லெஃப்ட் விங்

மிக்க நன்றி அக்கா. பதிவு இன்னும் செய்யவில்லை. இந்த வாரமே விதிமுறை வரைவு எழுத உட்காருகிறோம்.

இன்னொரு சந்தேகம். இங்கே ஒரு வேப் (மின் சிகரெட்) கடைக்காரர் 5,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். ஜெர்சியின் முன்பக்கம் முழுக்க அவர் கடைச் சின்னம். எங்களுக்கு வேண்டிய மிச்சத் தொகை ஒரே இடத்தில் வந்துவிடும். பையன்களில் பாதிப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்கர்

வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, நடப்பில் இருக்கிறது. வேப்பும் அதற்குள் அடக்கம். விளம்பரமும் ஆதரவும் தடை.

காற்பந்து மாமா (கிள்ளான்)

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு காலத்தில் நம் தேசிய லீக்கே டன்ஹில் சிகரெட் பெயரில்தான் நடந்தது. நாங்கள் எல்லாம் அந்த விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஆட்டம் பார்த்தவர்கள். அது போனது நாட்டுக்கு நல்லது. உங்கள் குழுவில் 18 வயது ஆகாத பையன் ஒருவன் இருந்தாலும், அவன் நெஞ்சில் அந்தச் சின்னத்தை ஒட்டி அனுப்புவீர்களா? அவன் அம்மா திடலுக்கு வந்து பார்த்தால் என்ன சொல்வார்?

இளைய தலைமுறைக்கு ஒரு பழைய விஷயம் சொல்கிறேன், இந்தத் தேடலுக்கு உதவும். 1989இல் செமி-புரோ (பாதித் தொழில்முறை) லீக் வருவதற்கு முன்னால் நம் நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாரும் எங்காவது சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். வங்கி, காவல்துறை, சுங்கம், அரசு நிறுவனங்கள். தேசிய நட்சத்திரம் மொக்தார் டஹாரியே பிகேஎன்எஸ் (சிலாங்கூர் மாநில மேம்பாட்டுக் கழகம்) குழுவுக்கு ஆடியவர். வேலை கொடுத்த இடமே ஜெர்சி கொடுத்தது, திடல் கொடுத்தது, பயிற்சிக்கு நேரமும் கொடுத்தது. தோட்டங்களில்கூட அப்படித்தான். நிர்வாகம் திடலை விட்டுக்கொடுக்கும், பந்து வாங்கித் தரும்.

ஆகவே உங்கள் 22 பேர் எங்கெங்கே வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். தளவாட நிறுவனம், மருத்துவமனை, தொழிற்சாலை, ஹோட்டல். பல இடங்களில் ஊழியர் விளையாட்டு மன்றம் ஒன்று இருக்கும், அதற்கு ஆண்டு ஒதுக்கீடும் இருக்கும். வெளியாள் கடிதம் போட்டால் மேசையில் கிடக்கும். அங்கே வேலை பார்க்கும் ஆளே மனிதவளப் பிரிவில் போய்ப் பேசினால் குறைந்தது ஒரு பதில் வரும். பணம் தராவிட்டாலும் "எங்கள் ஊழியர் குழுவோடு ஒரு நட்புமுறை ஆட்டம் ஆடுங்கள், திடல் செலவு எங்களுடையது" என்பார்கள். அதுவும் 200 வெள்ளிதான்.

ஜெலுத்தோங் கோலி

மாமா சொல்வது நல்ல யோசனை. ஆனாலும் நான் சொன்னதை விடமாட்டேன். பத்துக் கடைக்காரர்களிடம் 300, 400 வாங்கினால் பத்துப் பேரையும் திருப்திப்படுத்த வேண்டும். ஜெர்சி முழுக்கச் சின்னம் சின்னமாக ஒட்டி, எது குழுப் பெயர் என்றே தெரியாமல் போகும். ஒரே பெரிய ஆதரவாளர் இருந்தால் வேலை சுத்தம்.

பிறை மேலாளர்

ஒரே பெரியவர் இருந்தால் சுத்தம்தான், அவர் இருக்கிற வரை. அவர் தொழில் கொஞ்சம் சரிந்தாலோ, மகனைத் தொடக்க ஆட்டத்தில் இறக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாலோ குழு மூடப்படும். மேல்மட்டத்திலேயே பார்க்கிறோமே. மிஸ்க்-மீஃபா 2017இல் மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடிய நம் இந்தியச் சமூகத்தின் குழு. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை போனது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. இன்று அந்த ஜெர்சி திடலில் இல்லை. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 சூப்பர் லீக்குக்கு உரிமம் கிடைக்காமல் நின்றன, சம்பளப் பாக்கிதான் காரணம். கோடிக்கணக்கில் புழங்கும் இடத்தின் கதி இது. நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒரே தூணில் கூரை போடக்கூடாது.

சின்னங்கள் நிறைந்துவிடும் என்பதற்கு வழி இருக்கிறது. முன்பக்கம் ஒருவர், முதுகில் ஒருவர், கைப்பகுதியில் ஒருவர். அவ்வளவுதான் ஜெர்சியில். மற்றவர்களுக்குத் திடல் ஓரத்தில் பதாகை, தண்ணீர்ப் பெட்டி, முகநூல் பதிவு, பயிற்சி ஜெர்சி என்று பிரித்துவிடலாம். சாலையோரத்தில் மட்டும் பதாகை கட்டாதீர்கள், அதற்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கேளுங்கள். ஆனால் அங்கே கேட்பதற்கும் பதிவுச் சான்றிதழ், குழுப் பெயரில் வங்கிக் கணக்கு, மலாய் மொழியில் கெர்த்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை) மூன்றும் கையில் இருக்க வேண்டும். பொதுத்தேர்தல் வந்தால் ஆளும் மாறலாம். வருகிற பணத்தைப் பந்து, கோல் வலை, கூம்பு மாதிரி ஒரு முறைச் செலவுக்கு வையுங்கள். நடுவர் கட்டணம், திடல் வாடகை போல மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும் செலவை அதன் மேல் ஏற்றாதீர்கள்.

கெப்போங் டயர் கடை (கோலாலம்பூர்)

எல்லாரும் கேட்கிற பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் கொடுக்கிற பக்கம். எங்கள் கடை சில காலமாக இரண்டு குழுக்களுக்கு ஆதரவு கொடுக்கிறது. பெரிய தொகை இல்லை.

ஆண்டு முழுவதும் கடைக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, குடியிருப்போர் சங்க விருந்து, குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை. எல்லாமே நியாயமான தேவைதான். நான் என்ன செய்ய முடியும்? இருக்கிற கொஞ்சத்தில் யாருக்கு என்று பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் கேட்டு வந்தவரை அனுப்பிவிட்டு ஜெர்சிக்குக் கொடுக்க மனசு வராது. ஆகவே நீங்கள் தர்மம் கேட்கிற வரிசையில் வந்து நிற்காதீர்கள். வியாபாரமாகப் பேச வாருங்கள்.

எனக்கு என்ன கிடைக்கும் என்பதை என் தொழிலை வைத்துச் சொல்லுங்கள். "எங்கள் முகநூல் பக்கத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அந்த ஆட்கள் ஜொகூரில் இருந்தால் என்னிடம் டயர் மாற்ற வரப்போவதில்லை. "எங்கள் 22 பேரில் 14 பேரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, 5 பேரிடம் கார், எல்லாரும் கெப்போங், செந்தூல், ஜிஞ்சாங் சுற்றித்தான் இருக்கிறோம், வீட்டில் அப்பா அண்ணன் வண்டியும் இருக்கிறது" என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்கு அன்றே சரி சொல்லிவிட்டேன். அந்தக் குழுவுக்கு டயரில் தள்ளுபடி தருகிறேன், அவர்கள் குடும்பமும் வருகிறது. எனக்கு நஷ்டமே இல்லை.

உணவகத்துக்குப் போனால், ஆட்டம் முடிந்ததும் இரண்டு குழுவும் அங்கேதான் பசியாறும் என்று சொல்லுங்கள். டியூஷன் மையத்துக்குப் போனால், சனிக்கிழமை காலை அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பந்துப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். கார் ஓட்டும் பள்ளிக்கு உங்கள் கல்லூரிப் பையன்களே வாடிக்கையாளர்கள். பிசியோ நிலையத்திடம் பணமே கேட்க வேண்டாம், அடிபட்ட ஆட்டக்காரனுக்குப் பாதி விலையில் சிகிச்சை கேளுங்கள்.

அப்புறம், பணம் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் மனத்தாங்கல். ஒரு குழு ஜெர்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு போனது, படம்கூட அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு புதுச் செயலாளர் அதே கடிதத்தைத் தேதி மாற்றிக் கொண்டுவந்தார். இன்னொரு குழு பருவம் முடிந்ததும் இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தது. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் 186 வெள்ளி, எங்கள் சின்னம் தெரிகிற நாலு படம். லீக்கில் கடைசிக்கு முந்தின இடம்தான் வந்தார்கள். அந்தக் குழுவுக்கு நான் இன்றைக்கும் கொடுக்கிறேன், அவர்கள் கேட்பதற்கு முன்பே.

செந்தூல் லெஃப்ட் விங்

அண்ணே, இதை வாசித்துவிட்டு எங்கள் புலனக் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன். கேட்கப் போவது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம், கொடுத்தவருக்குத் திரும்ப என்ன போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாரிடமும் என்ன வண்டி, எங்கே வீடு, எங்கே வேலை என்று பட்டியல் எடுக்க ஆரம்பித்திருக்கிறோம்.

பத்தாம் எண் (பினாங்கு)

நாங்கள் பெண்கள் குழு, ஜார்ஜ்டவுனில் பயிற்சி. இந்த இழையில் எங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. பல கடைகளில் "பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்றுதான் முதல் கேள்வி. அதற்கு வாதாடுவதை விட்டுவிட்டோம். பெண்கள் வாடிக்கையாளராக இருக்கும் தொழில்களாகப் பார்த்துப் போனோம். அழகு நிலையம், துணிக்கடை, பல் மருத்துவமனை, பாலர் பள்ளி. அங்கே முதலாளியே பல இடங்களில் பெண். தன் மகளை அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் அந்தப் பருவத்துக்கான தண்ணீரையும் பழங்களையும் ஏற்றுக்கொண்டார்.

பொருளாகக் கிடைப்பதையும் கணக்கில் எழுதுங்கள். தண்ணீர் 14 ஆட்டத்துக்கு என்றால் அதன் விலையை வரவிலும் செலவிலும் காட்டுங்கள். கொடுத்தவருக்கு மரியாதை, அடுத்த ஆண்டு உண்மையான செலவு எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும். போட்டி ஒன்றை நீங்களே ஏற்பாடு செய்கிறீர்கள் என்றால் மைலோ பானம் கொடுக்கும் வண்டிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துப் பாருங்கள். பிள்ளைகள் கூட்டம் அதற்காகவே வரும்.

செபராங் மிட்ஃபீல்டர் (பட்டர்வொர்த்)

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சில சமயம் "அண்ணன்" ஒருவர் வருவார். கடை எது, தொழில் எது என்று தெரியாது. ஆனால் கேட்டதைவிட அதிகம் தருவார், ரசீது வேண்டாம் என்பார். ஜெர்சியில் குறிப்பிட்ட ஓர் எண்ணையோ சின்னத்தையோ போடச் சொல்வார். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது, அதில் பல வெறும் எண்கள்தான் என்பது நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணம் வேண்டாம். மரியாதையாக, "குழு விதிப்படி ரசீது இல்லாமல் வாங்க முடியாது அண்ணே" என்று சொல்லிவிடலாம். விதியை எழுதி வைத்திருப்பது இந்த மாதிரி நேரத்துக்கும் உதவும். யாரையும் நேராக எதிர்க்க வேண்டியதில்லை.

காற்பந்து மாமா

இது மிக அவசியமான பதிவு தம்பி. பையன்களைத் திடலுக்குக் கொண்டுவருவதே அந்த வழியிலிருந்து விலக்கத்தான். அவர்கள் பணத்திலேயே ஜெர்சி தைத்தால் எதற்குக் குழு? இணையச் சூதாட்டக்காரர்கள் வந்தாலும் இதே பதில்தான்.

செந்தூல் லெஃப்ட் விங்

எல்லார் ஆலோசனையையும் வைத்துப் பேசினோம். வேப் கடைக்காரரிடம் நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். சந்தா வேலைக்காரர்களுக்கு 25, மாணவர்களுக்கு 15 என்று முடிவானது. கல்லூரியில் கணக்கியல் படிக்கும் எங்கள் ரைட் பேக்தான் பொருளாளர். கடிதத்தின் வரைவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்புக்குரிய ஐயா/அம்மா, செந்தூலில் இயங்கிவரும் எங்கள் காற்பந்துக் குழு இளைஞர்களின் ஒழுக்கத்தையும் ஒற்றுமையையும் வளர்க்கும் உன்னத நோக்கத்தோடு செயல்பட்டு வருகிறது. அடுத்த பருவத்தில் லீக் போட்டியில் கலந்துகொள்ள உள்ளதால் தங்களின் மேலான ஆதரவை நாடி நிற்கிறோம். தங்களால் இயன்ற தொகையை வழங்கி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

கெப்போங் டயர் கடை

தம்பி, மனசில் இருப்பதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதை யார் பெயரிலும் அனுப்பலாம். இதே வரிகள் என் மேசை இழுப்பறையில் நிறைய இருக்கின்றன. "இயன்ற தொகை" என்று எழுதினால் 50 வெள்ளி கொடுத்து அனுப்பிவிடுவேன். தொகையைச் சொல்லுங்கள். இப்படி மாற்றிப் பாருங்கள்:

"நாங்கள் செந்தூலில் 22 பேர் கொண்ட காற்பந்துக் குழு. அடுத்த பருவத்தில் 14 லீக் ஆட்டங்கள். மொத்தச் செலவு 9,120 வெள்ளி, அதில் ஏறக்குறைய பாதியை உறுப்பினர் சந்தாவில் நாங்களே கட்டுகிறோம். ஜெர்சியின் முதுகுப் பகுதியில் உங்கள் கடைப் பெயரைப் போட 800 வெள்ளி கேட்கிறோம். பருவம் முழுவதும் ஆட்ட நாள்களில் உங்கள் பதாகை திடலில் இருக்கும், பருவம் முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு செலவு அறிக்கை உங்கள் கையில் இருக்கும். பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம், ரசீது தரப்படும்."

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பின்பக்கத்தில் குழுப் படம் ஒன்று, செலவுப் பட்டியல் ஒன்று. சீன முதலாளியிடம் போனால் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு மலாய் அல்லது ஆங்கிலம்தான், அதுவும் அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டம் முடிவாவதற்கு முன், ஆண்டின் மூன்றாம் காலாண்டிலேயே கொடுத்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாதத்தில் துணிக்கடை, நகைக்கடை, பலகாரக் கடைப் பக்கம் போகாதீர்கள். அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணக்கர்

அண்ணனின் வரைவு நன்றாக இருக்கிறது. குழுவின் பதிவு எண்ணையும் கடிதத் தலைப்பில் போடுங்கள். பதிவு கைக்கு வரும் வரை கடிதத்தை வெளியே விட வேண்டாம். பேச்சு நடத்தலாம், பணம் வாங்க வேண்டாம். சந்தாவை மட்டும் இப்போதே தொடங்கி ரசீதோடு பொருளாளரிடம் வைத்திருங்கள், கணக்கு திறந்த அன்றே மொத்தமாகப் போட்டுவிடலாம்.

800 வெள்ளி கொடுப்பவருக்கும் முன்பக்கச் சின்னத்துக்கு 2,000 கொடுப்பவருக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். எந்த இடத்தில் சின்னம், எத்தனை ஆட்டம், லீக் நின்றுபோனால் என்ன செய்வது, அதே தொழிலில் இன்னொரு ஆதரவாளரைச் சேர்க்கலாமா கூடாதா. இந்தக் கடைசி விஷயம்தான் பெரும்பாலும் சண்டையில் முடிகிறது. ஒரே ஜெர்சியில் இரண்டு உணவகம் என்றால் இரண்டு பேருக்கும் பிடிக்காது.

ஜெலுத்தோங் கோலி

சரி, பல சின்ன ஆதரவாளர் என்ற வழியை ஏற்றுக்கொள்கிறேன், முன்பக்கத்துக்கு ஒருவர் பெரிதாகக் கொடுக்கிறார் என்றால். ஒரு கேள்வி மட்டும். சந்தா 25க்கு ஏறினால் வரவும் கூடும். கூடுதல் பணத்தை எதில் போடப் போகிறீர்கள்?

செந்தூல் லெஃப்ட் விங்

12 பேர் 25, 10 பேர் 15. மாதம் 450, பத்து மாதத்துக்கு 4,500. முன்பு போட்டதைவிட 100தான் கூடுதல் அண்ணே. அது முதலுதவிப் பெட்டிக்குப் போகும். முன்பக்கம் 2,000, முதுகு 800, இரண்டு கைப்பகுதி 400 வீதம் என்றால் 3,600 வருகிறது. மிச்சம் 1,020க்கு பிரியாணி. பிறை மேலாளர் அண்ணே, 300 பொட்டலத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கோழி என்று தனிமடலில் அனுப்ப முடியுமா? செந்தூலில் என் பெரியம்மா சமைக்கத் தயார் என்கிறார், அடுப்பும் அண்டாவும்தான் பார்க்க வேண்டும்.

பிறை மேலாளர்

அனுப்புகிறேன் தம்பி. அண்டாவை வாடகைக்கு எடுக்காதீர்கள், பக்கத்துக் கோயிலில் கேளுங்கள், அன்னதானத்துக்கு வைத்திருப்பார்கள். திருவிழா இல்லாத வாரமாகப் பார்த்துத் தேதி வையுங்கள்.